என்.டபிள்யூ.ஓ. கதையை முதலிலிருந்து பார்ப்பது எப்படி

ஹல்க் ஹோகன் வில்லனாக மாறிய காட்சியை ரெஸ்லிங் ரசிகர்கள் ஏறக்குறைய எல்லோருமே இணையத்தில் பார்த்திருப்பார்கள். 1996 ஜூலை 7, புளோரிடாவின் டேடோனா பீச். அடிபட்டுக் கிடக்கும் கூட்டாளியைக் காப்பாற்ற வருகிறவர் போல வந்து, அவர் மேலேயே லெக் ட்ராப் (குதித்து, காலைக் கழுத்தில் போட்டு அடிப்பது) போடுகிறார். இரண்டு நிமிடத் துண்டாக அதைப் பார்த்துவிட்டு, "இதற்குப் போயா இத்தனை பேச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் மேல் தப்பில்லை. அதற்கு முந்தைய ஆறு வாரங்களைப் பார்க்காதவருக்கு அது வெறும் லெக் ட்ராப்தான்.

நியூ வேர்ல்ட் ஆர்டர், அதாவது என்.டபிள்யூ.ஓ., வாரா வாரம் வளர்ந்த கதை. அதன் பலம் தனித்தனிச் சண்டைகளில் இல்லை. "இது நிகழ்ச்சியில் எழுதிவைத்ததா, நிஜமாகவே ஏதோ தப்பு நடந்துவிட்டதா?" என்று பார்க்கிறவரைத் தடுமாற வைத்ததில் இருக்கிறது. அந்தத் தடுமாற்றம் இன்றும் கிடைக்கும், சரியான வரிசையில் பார்த்தால். இங்கே சொல்லியிருப்பதை எல்லாம் பார்க்கச் சுமார் 30 மணி நேரம் ஆகும். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு மாதம்.

தொடங்கும் முன்

1990களின் நடுவில் அமெரிக்காவில் இரண்டு பெரிய நிறுவனங்கள். ஒன்று வின்ஸ் மக்மானின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ.). மற்றது தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னருக்குச் சொந்தமான டபிள்யூ.சி.டபிள்யூ. முன்னவரின் 'ரா' 1993 ஜனவரி 11 முதல் திங்கட்கிழமை இரவுகளில் ஓடியது. பின்னவரின் 'நைட்ரோ' 1995 செப்டம்பர் 4 அன்று தொடங்கி அதே திங்கள் இரவில் மோதியது. எதிர் நிறுவனத்தின் பெயரைத் தன் நிகழ்ச்சியில் உச்சரிப்பதில்லை என்பது பொதுவான வழக்கம். அங்கே இருந்து ஒருவர் இங்கே வந்தால் முறையாக அறிமுகம் செய்து, பேர் சொல்லி, பாட்டுப் போட்டு அழைத்து வருவார்கள். இந்த இரண்டு வழக்கங்களும் மனதில் இருக்கட்டும். உடைக்கப்படப் போவது இவைதான்.

டபிள்யூ.சி.டபிள்யூ.வை நடத்திய எரிக் பிஷாஃபுக்கு யோசனை வந்தது ஜப்பானிலிருந்து. 1995-இல் நியூ ஜப்பான் நிறுவனத்தோடு யூ.டபிள்யூ.எஃப்.ஐ. என்ற இன்னொரு நிறுவனம் 'படையெடுத்து வந்து' மோதுவது போல ஒரு கதை நடந்து, அக்டோபர் 9 அன்று டோக்கியோ டோம் நிரம்பி வழிந்தது. நிறுவனத்தோடு நிறுவனம் மோதினால் கூட்டம் வரும் என்பதை பிஷாஃப் அங்கே கண்டுகொண்டார்.

அடுத்து மூன்று துண்டுகள். முதலாவது, 1994 மார்ச் 20 ரெஸ்ல்மேனியா 10-இல் ரேஸர் ரமோனும் ஷான் மைக்கேல்ஸும் மோதிய ஏணிச் சண்டை, முழுதாக. ரேஸர் ரமோனாக நடித்தவர் ஸ்காட் ஹால். வாயில் பல்குச்சி, கியூபா வாடை அடிக்கும் பேச்சு, தோளைக் குலுக்கும் நடை: மூன்றையும் கவனித்து வையுங்கள். இரண்டாவது, 1994 நவம்பர் 26 அன்று டீசல் என்ற பேரில் கெவின் நாஷ் எட்டே விநாடியில் பாப் பேக்லண்டைத் தோற்கடித்து சாம்பியன் ஆனது. ஏழடிக்குச் சற்றுக் குறைந்த ஆளை நிறுவனத்தின் உச்சியில் வைத்திருந்தார்கள் என்று தெரிந்தால் போதும். மூன்றாவது, 1987 ரெஸ்ல்மேனியா 3-இல் ஹோகனும் ஆந்த்ரே தி ஜயன்டும் மோதியதன் கடைசி ஐந்து நிமிடம். அங்கே ஆந்த்ரேவின் மேனேஜராக வெளியே நிற்பவர் பாபி ஹீனன். பின்னால் அவர் தேவைப்படுவார்.

பழைய டபிள்யூ.சி.டபிள்யூ. காட்சிகளின் உரிமை 2001 முதல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யிடம் இருக்கிறது. அவர்கள் வெளியிடும் முழு அத்தியாயங்களைத் தேடுங்கள். இரண்டு மணி நேர நைட்ரோ, விளம்பரம் போக ஒன்றரை மணி நேரம் வரும். நாற்பது நிமிடம் என்று காட்டினால் வெட்டியது, விட்டுவிடுங்கள். வெட்டுகிறவர்கள் முதலில் தூக்குவது வர்ணனையாளர்கள் பதறும் இடங்களை. இந்தக் கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது. சில பதிப்புகளில் நுழைவுப் பாட்டு மாற்றப்பட்டிருக்கும், அது பெரிய நஷ்டமில்லை. ஆவணப்படங்களைக் கடைசிக்கு வையுங்கள். அவற்றில் பெரும்பாலானவை போட்டியில் ஜெயித்த நிறுவனம் எடுத்தவை. முடிவு தெரிந்தபின் சொல்லப்பட்டவை.

கூடவே ஒரு நோட்டு. யார், எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார். இது விளையாட்டுக்குச் சொல்வதல்ல. 1997 முடிவதற்குள் ஆள் கணக்கு கைமீறிப் போகும்.

முதல் ஆறு வாரம்: எதையும் தாண்டாதீர்கள்

1996 மே 27, ஜார்ஜியா மாநிலம் மேகன். நைட்ரோ முதன்முறையாக இரண்டு மணி நேரம் ஓடிய இரவு. இந்த அத்தியாயத்தை முதல் நொடியிலிருந்து, இருட்டில் உட்கார்ந்து, கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். தி மாலர் என்பவரும் ஸ்டீவ் டோல் என்பவரும் மோதும் சாதாரணச் சண்டை. நடுவில் ஜீன்ஸ் உடையில் ஒருவர் பார்வையாளர் வரிசையிலிருந்து இறங்கி, தடுப்பைத் தாண்டி வருகிறார். பாட்டு இல்லை. பேர் திரையில் வரவில்லை. சண்டை அப்படியே நின்றுபோகிறது. மைக்கை வாங்கி, நான் யாரென்று உங்களுக்குத் தெரியும், ஏன் வந்தேன் என்றுதான் தெரியாது என்கிறார்.

பேர் சொல்லாததுதான் இங்கே கைவேலை. ரேஸர் ரமோன் என்ற பேர் எதிராளிக்குச் சொந்தம். அதைச் சொல்லாமல், அதே குரல், அதே பல்குச்சி. டபிள்யூ.டபிள்யூ.எஃப். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் டர்னரையும் ஹோகனையும் ராண்டி சாவேஜையும் கிண்டலடித்து எடுத்த குறுங்காட்சிகளில் வந்த பட்டப்பெயர்களையும் ஹால் அப்படியே எடுத்துப் பேசுகிறார். மக்மான் அனுப்பிய ஆள்தான் இவர் என்று பார்க்கிறவர் தானாகவே முடிவு கட்ட இது போதுமானதாக இருந்தது. நிகழ்ச்சி முடியும்போது அவர் வர்ணனை மேசைக்கே வந்து நிற்பார், அதுவரை நிறுத்தாதீர்கள்.

ஜூன் 3 அத்தியாயத்தில், டபிள்யூ.சி.டபிள்யூ.வின் நாயகன் ஸ்டிங் முகத்தில் ஹால் பல்குச்சியை எறிகிறார். பளபளக்கும் உடை, குட்டை முடி, வண்ணம் பூசிய முகம்: ஸ்டிங்கின் இந்தத் தோற்றத்தை நோட்டில் குறியுங்கள். ஜூன் 10 அன்று பிஷாஃபுக்குப் பின்னால் கெவின் நாஷ் வந்து நிற்கிறார். 'வேர் த பிக் பாய்ஸ் ப்ளே' என்பது டபிள்யூ.சி.டபிள்யூ.வின் விளம்பர வாசகம். அதில் 'ப்ளே' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் விளையாடுகிறவர்கள், நாங்கள் விளையாட வரவில்லை என்கிற தொனியில் நாஷ் பேசுவார். அவர் குரலை உயர்த்துவதே இல்லை.

அடுத்து ஜூன் 16, பால்டிமோரில் நடந்த கிரேட் அமெரிக்கன் பாஷ். முழு நிகழ்ச்சி வேண்டாம், பிஷாஃப் இருவரையும் பேட்டி காணும் இடம் போதும். "நீங்கள் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இல் வேலை செய்கிறீர்களா?" என்று நேராகக் கேட்கிறார். இருவரும் இல்லை என்கிறார்கள். இந்தக் கேள்வி கதைக்காக மட்டும் வந்ததல்ல. தன் கதாபாத்திரங்களைத் திருடிவிட்டதாக டபிள்யூ.டபிள்யூ.எஃப். வழக்குத் தொடுத்தது, அது 2000-இல்தான் சமரசத்தில் முடிந்தது. நீதிமன்றத்துக்காகச் சொல்லவேண்டியிருந்த பதில், அப்படியே திரைக்கதைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த நிமிடம் ஹால் பிஷாஃப் வயிற்றில் குத்த, நாஷ் அவரைத் தூக்கி மேடையிலிருந்து கீழே மேசை மேல் எறிகிறார். அப்போது பிஷாஃப் திரையில் வெறும் வர்ணனையாளர், சண்டைக்காரரே அல்ல. மேசை உடைந்த சத்தத்துக்குப் பிறகு வர்ணனை மேசையில் இருப்பவர்களின் குரலைக் கேளுங்கள்.

ஜூன் 17, 24, ஜூலை 1 அத்தியாயங்களில் ஹால், நாஷ் வரும் இடங்களை மட்டும் பார்த்தாலும் பரவாயில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த ஆறு வாரத்தில் ஹோகன் திரையில் இல்லை.

டேடோனா பீச், நெருக்கத்தில்

பாஷ் அட் த பீச்சின் கடைசிச் சண்டை. ஒரு பக்கம் ஸ்டிங், லெக்ஸ் லூகர், ராண்டி சாவேஜ். மறு பக்கம் ஹால், நாஷ், இன்னும் யாரென்று சொல்லாத மூன்றாவது ஆள். மூன்றாவது ஆள் வராமலே சண்டை தொடங்குகிறது. ஆரம்பத்திலேயே லூகர் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போய்விடுவதால் இரண்டுக்கு இரண்டு ஆகிறது. அது வரை "அந்த மூன்றாவது ஆள் லூகரோ?" என்று ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஹோகன் நடைபாதையில் தோன்றும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அதே நொடியில் வர்ணனை மேசையிலிருந்து ஹீனன், "இவர் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிடுகிறார். ரகசியத்தை உடைத்துவிட்டார் என்று இதற்காக அவரைத் திட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. திட்டவேண்டியதில்லை. ஆந்த்ரேவின் மேனேஜராக நின்ற நாளிலிருந்து ஹோகனை நம்பவே மாட்டேன் என்பதுதான் ஹீனனின் பாத்திரம். அன்றைக்கு மட்டும் நம்பியிருந்தால்தான் பிசகு.

ஹால், நாஷ் இருவரும் வளையத்தைவிட்டு இறங்குகிறார்கள். ஹோகன் பனியனைக் கிழித்தெறிகிறார். இதுவரை பத்து வருடமாகப் பார்த்த அதே சடங்கு. பிறகு கயிற்றில் மோதி வந்து சாவேஜ் கழுத்தில் காலைப் போடுகிறார். இந்த இடத்தில் ஹோகனைப் பார்க்காமல் பின்னால் தெரியும் முன்வரிசைகளைப் பாருங்கள். கத்துவதற்கு முன்பு ஒரு விநாடி அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகுதான் குப்பை பறக்கத் தொடங்குகிறது: தாள் குவளை, ஐஸ், பாட்டில். ரசிகர் ஒருவர் வளையத்துக்குள்ளேயே ஏறிவிட, ஹாலும் நாஷும் அவரை உதைத்து வெளியேற்றுகிறார்கள். அது கதையில் எழுதியதல்ல.

அதற்குப் பின் பேட்டியாளர் ஜீன் ஓகர்லண்டிடம் ஹோகன் பேசுவதைத் துண்டிக்காமல் கேளுங்கள். காலடியில் குவியும் குப்பையைக் காட்டி, இதுதான் இந்த ரசிகர்கள் என்கிறார். இரண்டு வருடம் தலை நிமிர்ந்து இருந்தேன், குழந்தைகளுக்கும் தர்ம காரியங்களுக்கும் எல்லாம் செய்தேன், நீங்கள் எனக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கிறார். இது சும்மா எழுதிய வசனமில்லை. 1994-இல் ஹோகன் டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்கு வந்தது முதல், ரிக் ஃபிளேரையும் ஸ்டிங்கையும் பார்த்து வளர்ந்த பழைய ரசிகர்களில் பலர் அவரை ஏற்கவே இல்லை. பல அரங்குகளில் எதிர்ப்புக் குரல் கேட்டது. உள்ளே இருந்த கசப்பைத்தான் அங்கே வெளியே எடுத்து வைத்தார். நல்ல வில்லனுக்கு ஒரு நியாயம் இருக்கவேண்டும். அவன் சொல்வது பாதியாவது உண்மையாக இருக்கவேண்டும். அன்றைக்கு ஹோகனிடம் அது இருந்தது. அவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினால் ஸ்டிங்கை மூன்றாவது ஆளாக்கத் திட்டம் வைத்திருந்ததாக பிஷாஃப் பின்னால் சொன்னார். ஸ்டிங்காக இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

ஆகஸ்டிலிருந்து செப்டம்பர் வரை

ஜூலை 29 அத்தியாயம் ஆர்லாண்டோவில் டிஸ்னி-எம்.ஜி.எம். வளாகத்தில் எடுத்தது. அரங்குக்கு வெளியே நடக்கும் அடிதடியில் நாஷ், சின்ன உருவக்காரரான ரே மிஸ்டீரியோவைத் தூக்கி ஈட்டி மாதிரி ஒரு டிரெய்லர் வண்டியின் பக்கவாட்டில் எறிவார். கேமராவின் ஆட்டத்தையும், சுற்றி நிற்பவர்கள் ஓடுவதையும் கவனியுங்கள். செய்திக் காட்சி மாதிரியே இருக்கும்.

ஆகஸ்ட் 10, தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ். மோட்டார் சைக்கிள் திருவிழாவின் நடுவே, திறந்தவெளியில் ஹாக் வைல்டு. தி ஜயன்டை (பின்னாளின் பிக் ஷோ) தோற்கடித்து ஹோகன் சாம்பியன் பெல்ட்டை எடுக்கிறார். அந்தத் தங்கப் பட்டையில் கறுப்பு ஸ்ப்ரே பெயின்டால் குழுவின் பேரை எழுதுகிறார்கள். சண்டை சுமார்தான், பெயின்ட் அடிக்கும் இடம் முக்கியம். இதற்குப் பிறகு ஒவ்வொரு அடிதடியும் யாராவது ஒருவர் முதுகில் பெயின்டோடுதான் முடியும். அவர்களுடைய விளம்பரப் படங்களும் இப்போது வரத் தொடங்கிவிடும்: கறுப்பு வெள்ளை, ஆடும் கேமரா, முடிவில் 'இந்த அறிவிப்புக்கு நியூ வேர்ல்ட் ஆர்டர் பணம் கட்டியது' என்று ஒரு குரல். எதிராளியின் நிகழ்ச்சிக்குள் நேரம் வாங்கி ஓட்டுவது போன்ற பாவனை. கறுப்பு பனியனில் வெள்ளை எழுத்து என்ற அந்தச் சட்டையும் இதே கையிலிருந்து வந்ததுதான்.

நோட்டில் எண் போடுங்கள். ஹால் 1, நாஷ் 2, ஹோகன் 3. ஆகஸ்ட் 26 அன்று டெட் டிபியாஸி கூட்டத்தில் உட்கார்ந்து நான்கு விரலைக் காட்டுவார், அவர் 4. செப்டம்பர் 2 அன்று ஜயன்டே அங்கே போய்ச் சேர்கிறார், 5. அடுத்து ஷான் வால்ட்மன். அவருக்கு வைத்த பேரே சிக்ஸ். செப்டம்பரில் வரும் போலி ஸ்டிங்கை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த ஆறு பேர் வரை ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு காரணம் இருக்கும். அதற்குப் பிறகு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணமே கிடையாது. குழு சீரழியத் தொடங்கியதை உங்கள் நோட்டே காட்டிவிடும்.

செப்டம்பர் 9 நைட்ரோ, 15 ஃபால் ப்ரால், 16 நைட்ரோ. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் பாருங்கள், அடுத்தடுத்த நாட்களில் என்றாலும் சரி. ஸ்டிங் போல வேஷம் போட்ட ஒருவர் வாகன நிறுத்தத்தில் லூகரை அடிக்கிறார். நண்பர்களே ஸ்டிங்கை நம்ப மறுக்கிறார்கள். ஃபால் ப்ராலில் வார் கேம்ஸ்: இரண்டு வளையங்களை ஒட்டிப் போட்டு மேலே ஒரே கூண்டு. போலி ஸ்டிங் ஏற்கனவே உள்ளே நிற்க, நிஜ ஸ்டிங் வந்து தனியாளாக எதிரிகளை அடித்துவிட்டு, லூகரைப் பார்த்து, இது போதுமா என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். மறுநாள் நைட்ரோவில் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுகிறார். என்னைச் சந்தேகித்தவர்களுக்கு என் முகம் கிடையாது என்பதை உடம்பாலேயே சொன்ன காட்சி. இதை ஹோகனின் பேச்சுக்கு இணையாக வைக்கலாம்.

ஸ்டிங் மௌனமாக இருந்த ஆண்டு

அடுத்த பதினைந்து மாதங்களையும் வாரா வாரம் பார்க்கச் சொல்லமாட்டோம். இங்கேதான் பலர் சலித்துப்போய்ப் பாதியில் விடுகிறார்கள். நைட்ரோ கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி முடியும்: சண்டை தொடங்கும், கறுப்புச் சட்டைகள் ஓடி வரும், அடிதடி, பெயின்ட். தாண்டித் தாண்டிப் பாருங்கள்.

1996 நவம்பர் 18-ஐ விடாதீர்கள். மேசை மேல் எறியப்பட்ட பிஷாஃபே அவர்களுடைய ஆள் என்று, ஹோகனின் பழைய எதிரி ரோடி பைப்பர் எதிரில் வெளிப்படும் இரவு. டிசம்பர் 29 ஸ்டார்கேடில் பைப்பர் ஹோகனைக் கழுத்துப் பிடியால் தூங்கவைத்து ஜெயிக்கிறார்; ஆனால் பெல்ட் பந்தயத்தில் இல்லை. 1997 ஜனவரி 25 அன்று அயோவாவில் என்.டபிள்யூ.ஓ.வுக்கென்றே நடத்திய சோல்ட் அவுட்டில் எடி குரேரோவும் சிக்ஸும் மோதிய ஏணிச் சண்டை ஒன்றே தேறும். வில்லன்களே வர்ணனை, வில்லன்களே நடுவர் என்றால் பார்க்கிறவருக்கு யார் பக்கம் சாய்வதென்றே தெரியாமல் போகும். அந்த நிகழ்ச்சி படுத்ததன் காரணம் அதுதான்.

இதற்கிடையில் ஸ்டிங் வெள்ளை முகம், கறுப்புக் கோட்டு, கையில் பேஸ்பால் மட்டையோடு அரங்கின் உத்தரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பேச்சு இல்லை, சண்டை இல்லை. 1997 மார்ச் 16 அன்சென்சர்டின் முடிவில் கயிற்றில் இறங்கி வந்து எல்லோரையும் அடித்து, மட்டையை ஹோகனை நோக்கி நீட்டுவார். அந்த ஐந்து நிமிடத்தைக் கட்டாயம் பாருங்கள். ஆகஸ்ட் 4 அன்று லூகர் ஹோகனைத் தோற்கடித்து பெல்ட்டை வாங்க, உடைமாற்றும் அறையே கொண்டாடுகிறது. ஐந்தே நாளில் ஹோகன் அதைத் திரும்பப் பறித்துவிட்டார். கதைக்குச் சேரவேண்டிய பலனைக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் வழக்கத்துக்கு இது நல்ல மாதிரி. தன் பாத்திரம் குறித்த முடிவுகளில் ஒப்பந்தப்படி ஹோகனுக்குச் சொல்லுரிமை இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 1 நைட்ரோவில், கழுத்துக் காயத்தால் அப்போதுதான் ஓய்வு அறிவித்த ஆர்ன் ஆண்டர்சனை நாஷ் வேஷம் கட்டிக் கிண்டலடிக்கும் காட்சி வரும். பலர் அதைச் சிரிப்பாகப் பகிர்கிறார்கள். ஆகஸ்ட் 25 அன்று ஆண்டர்சன் கண் கலங்க விடைபெற்றதை முதலில் பாருங்கள். அதன் பிறகு சிரிக்க முடிகிறதா என்று பாருங்கள். செப்டம்பர் 14 வார் கேம்ஸில் கர்ட் ஹென்னிக் கூட்டாளிகளுக்குத் துரோகம் செய்து, கூண்டுக் கதவால் ரிக் ஃபிளேர் தலையில் அறைகிறார். இதற்கான பழிவாங்கல் எப்போதுமே உருப்படியாக வரவில்லை.

கறுப்புச் சட்டைகளிலிருந்து கண்ணுக்கு ஓய்வு வேண்டுமென்றால், 1997 அக்டோபர் 26 ஹாலோவீன் ஹேவாக்கில் ரே மிஸ்டீரியோவும் எடி குரேரோவும் முகமூடியைப் பணயம் வைத்து மோதியதைப் போடுங்கள். அந்தக் காலத்தில் நைட்ரோவின் முதல் மணி நேரத்தைத் தாங்கிப் பிடித்தவர்கள் இவர்களைப் போன்ற சின்ன உருவக்காரர்கள்தான். நவம்பர் 17-இல் ஒரு வேடிக்கை: ரிக் ரூட் அன்றிரவு இரண்டு நிகழ்ச்சிகளிலும் தெரிவார். முன்பே பதிவான ராவில் தாடி இருக்கும். நேரலையான நைட்ரோவில் மீசை மட்டும்.

ஸ்டார்கேட், 1997 டிசம்பர் 28

இதற்கு முந்தைய டிசம்பர் 22 நைட்ரோவில் அலங்காரத்தையெல்லாம் பிய்த்துவிட்டு என்.டபிள்யூ.ஓ. தன் பேரை மாட்டும் இடம் மிக நீளம், ஓட்டிவிடுங்கள்.

வாஷிங்டனில் ஸ்டிங், ஹோகன் மோதல். டபிள்யூ.சி.டபிள்யூ. வரலாற்றிலேயே அதிகம் பேர் காசு கொடுத்துப் பார்த்த நிகழ்ச்சி. கதைப்படி, நடுவர் நிக் பேட்ரிக் ஹோகனுக்குச் சாதகமாக வேகமாக எண்ணி ஏமாற்றுகிறார். சில வாரம் முன்பு மான்ட்ரியாலில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். சண்டையில் தானே இப்படி ஏமாற்றப்பட்டு வந்த பிரெட் ஹார்ட், இன்னொரு முறை இப்படி நடக்க விடமாட்டேன் என்று மணியை நிறுத்தி, தானே நடுவராகிறார். சண்டை மீண்டும் தொடர்ந்து, ஸ்டிங்கின் பூட்டில் ஹோகன் சரணடைகிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பேட்ரிக்கின் கை தரையில் படுவதை நீங்களே எண்ணிப் பாருங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. சாதாரண வேகம். வேகமாக எண்ணாததால் ஹோகன் நேர்மையாக ஜெயித்த மாதிரியும், ஸ்டிங் பக்கம் ஹார்ட் அநியாயம் செய்த மாதிரியும் ஆகிவிட்டது. பதினைந்து மாதம் கட்டியது, ஒரு கையின் வேகத்தில் கோணிப்போயிற்று.

பிளவும் சரிவும்

1998-ஐ வேகமாகக் கடக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் குழு உடைகிறது. ஹோகனுடையது கறுப்பு வெள்ளை, நாஷுடையது கறுப்பு சிவப்பில் வுல்ஃப்பேக். கூட்டம் வுல்ஃப்பேக்கைக் கொண்டாடியது, சட்டை விற்றது. ஆனால் எல்லோரும் எதிர்க்கவேண்டிய குழுவிலேயே ஸ்டிங்கும் லூகரும் போய்ச் சேர்ந்த பின் எதிர்க்க யார் மிச்சம்? சிவப்பு பூசிய ஸ்டிங்கின் முகத்தை, உத்தரத்தில் உட்கார்ந்திருந்த முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்வையாளர் கணக்கில் 83 வாரம் தொடர்ந்து ஜெயித்த நைட்ரோ, ஏப்ரல் 13 அன்று ராவிடம் தோற்றது. அங்கே ஸ்டீவ் ஆஸ்டின், மக்மானோடு மோதத் தொடங்கியிருந்தார்.

ஜூலை 6-ஐ முழுதாகப் பாருங்கள். அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில், அதுவரை தோற்காத புது நட்சத்திரம் கோல்ட்பெர்க் முதலில் ஹாலைத் தாண்டி, பிறகு ஹோகனைத் தோற்கடிக்கிறார். ஏறக்குறைய 40,000 பேரின் இரைச்சல், காதுக்கருவி போட்டுக் கேட்கவேண்டிய ஒன்று. இதைக் கட்டண நிகழ்ச்சியில் வைக்காமல் இலவசத் தொலைக்காட்சியில் கொடுத்தார்கள். ஒரு இரவின் வெற்றிக்காகப் பெரிய வருமானத்தை விட்டார்கள்.

அதே அரங்கில் 1999 ஜனவரி 4. சாம்பியன் நாஷ் எதிரில் ஹோகன். ஹோகன் ஒரு விரலை நீட்டி நாஷ் மார்பில் குத்துகிறார், நாஷ் மல்லாந்து விழுகிறார், மூன்று எண்ணி பெல்ட் கைமாறுகிறது. குழு மறுபடி ஒன்று சேர்கிறது. முன்பே பதிவுசெய்யப்பட்டு அதே இரவில் ஒளிபரப்பான ராவில் மிக் ஃபோலி சாம்பியன் ஆகப்போவதை, மேலிட உத்தரவுப்படி வர்ணனையாளர் டோனி ஷியவோனி ஏளனமாக அறிவிக்கிறார். கேட்டவர்கள் அதைப் பார்க்கச் சேனலை மாற்றிவிட்டார்கள். முதலில் நைட்ரோவையும், உடனே ஃபோலி ஜெயிக்கும் சண்டையையும் பார்த்தால் இரண்டு நிறுவனங்களின் நிலையும் ஒரே மாலையில் விளங்கிவிடும்.

1999 டிசம்பரில் பிரெட் ஹார்ட், ஜெஃப் ஜாரெட்டோடு வந்த வெள்ளி நிற என்.டபிள்யூ.ஓ.வைத் தவிர்க்கலாம். 2001 மார்ச் 26 கடைசி நைட்ரோவின் தொடக்கத்தில் மக்மான் திரையில் தோன்றுவதை மட்டும் பார்த்தால் போதும்.

கடைசியாக டொரன்டோ

2002 பிப்ரவரி 17 அன்று ஹோகன், ஹால், நாஷ் மூவரையும் மக்மானே கொண்டுவந்தார். மார்ச் 17, டொரன்டோ ஸ்கைடோம், ரெஸ்ல்மேனியா 18: ராக்கோடு ஹோகன். வில்லனாக வந்த ஹோகனுக்கு 68,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள், ஹீரோவான ராக்குக்கு எதிர்ப்புக் குரல். ஒலியைக் கூட்டி வைத்து, முதல் இரண்டு நிமிடத்தில் இருவரும் மோதாமல் கூட்டத்தைத் திரும்பிப் பார்ப்பதைக் கவனியுங்கள். போகப்போக இருவருமே கூட்டத்துக்கு ஏற்பத் தங்கள் வேலையை மாற்றிக்கொள்வது தெரியும். ஹோகன் தோற்று, ராக்கின் கையைக் குலுக்கியதும் ஹாலும் நாஷும் வந்து அவரை அடிக்கிறார்கள். ராக் காப்பாற்றுகிறார். அதற்குப் பிறகு ஹோகன் இடுப்பைப் பிடித்தபடி நிற்க, ராக் அவரை நடுவில் நிறுத்தி, கூட்டத்தைக் காட்டி, பழைய மாதிரி காதில் கை வைத்துக் கேட்கச் சொல்வார். கறுப்பு உடையிலேயே, டேடோனாவுக்கு முன்னிருந்த ஹோகனாக அவர் அதைச் செய்வார்.